முதலில் கம்பி, அப்புறம்தான் கம்ப்யூட்டர்

கேள்வி: எனக்கு வயது 54. கடலூரில் இறால் ஏற்றுமதித் தொழில். நானும் என் மைத்துனரும் சேர்ந்து 1979ஆம் ஆண்டு செஸ்னா 172என் என்ற சின்ன விமானம் ஒன்று வாங்கி, புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் நிறுத்தியிருக்கிறோம். ஓட்டுவதற்கு லைசென்ஸ் எனக்கு மட்டும்தான். பெரும்பாலும் பெங்களூரு ஜக்கூருக்குப் போய் வருவோம். வழி முழுக்கக் கையிலேயே பிடித்து ஓட்டுவது அலுப்பாக இருக்கிறது. பேனலில் நாவ்-ஓ-மேட்டிக் என்று ஒரு பழைய ஆட்டோபைலட் இருக்கிறது, வேலை செய்வதில்லை. புது டிஜிட்டல் போடு என்கிறான் மகன். அமெரிக்காவில் விபத்தில் உடைந்த 1974 மாடல் 172 ஒன்றிலிருந்து கழற்றிய எஸ்-டெக் ஆட்டோபைலட் செட் மலிவாக வருகிறது என்கிறார் மைத்துனர். எதை வாங்குவது, எங்கே பொருத்துவது? இன்னொன்று, நடுவழியில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவே தரையிறங்கிவிடுமா என்று மனைவி கேட்கிறாள்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கடலூர்)

பதில்: முதலில் உங்கள் மைத்துனருக்குச் சொல்லிவிடுகிறேன், அவர் பணம் கட்டிவிடுவதற்குள். அந்த செட் வேண்டாம் சார்.

1974 மாடல் 172இல் இருப்பது 14 வோல்ட் மின்சாரம். 1978 மாடலிலிருந்து செஸ்னா 172ஐ 28 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டது. உங்களுடையது 1979. அங்கே கழற்றிய சர்வோவையும் (கம்பிகளை இழுத்து விமானத்தைத் திருப்பும் மோட்டார்) கம்ப்யூட்டரையும் இங்கே அப்படியே மாட்ட முடியாது. வோல்ட்டேஜ் பொருந்தியிருந்தாலும் என் பதில் மாறாது. சர்வோவுக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. ஆட்டோபைலட் கிறுக்குப் பிடித்து இழுத்தாலும் விமானி கையால் மீறித் திருப்ப முடிய வேண்டும் என்பதற்காக வைத்தது. எவ்வளவு விசையில் அது வழுக்க வேண்டும் என்பதை மாடலுக்கு மாடல் அளந்து வைப்பார்கள். தரையில் மோதி உடைந்த விமானத்தில் அந்தக் கிளட்ச் என்ன அடி வாங்கியது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் திறந்து சோதித்து, இது மறுபடி பறக்கத் தகுந்தது என்று ஒரு பணிமனை கையெழுத்திட்ட 8130-3 சீட்டு இல்லாமல் எந்தப் பொறியாளரும் உங்கள் விமானத்தில் மாட்ட மாட்டார், மாட்டக் கூடாது. அதற்கும் மேலே எஸ்டிசி இருக்கிறது. இந்த மாடலில் இந்தக் கருவியைப் பொருத்தலாம் என்று தரும் அந்த அனுமதி, கழற்றிய பெட்டிகளோடு கூடவே வந்துவிடாது. உங்கள் விமானத்தின் சீரியல் எண்ணைச் சொல்லி, உரிமை வைத்திருப்பவரிடம் தனியாக வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

எஸ்-டெக் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பழைய மாடல்கள் டர்ன் கோஆர்டினேட்டர் என்ற, விமானம் திரும்புவதைக் காட்டும் கருவியில் சுழலும் ஜைரோ சக்கரத்திடம் கேட்டுத்தான் விமானத்தை நேராக வைத்தன. அந்த ஜைரோ மின்சாரத்தில் ஓடுவது. அதனால் வேக்குவம் பம்ப் செத்து, அதை நம்பி ஓடும் செயற்கை அடிவானம் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) மெல்லச் சாய்ந்து பொய் சொல்ல ஆரம்பித்தாலும் ஆட்டோபைலட் பாட்டுக்கு வேலை செய்யும். பல பேர் உயிரோடு வீடு திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வித்தை எல்லாமே ஜைரோவில்தான் தொடங்கியது. 1914 ஜூனில் பாரிசுக்குப் பக்கத்தில் சேன் ஆற்றின் மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டியபடி பறந்தார். கூட வந்த மெக்கானிக் இறக்கையின் மேல் ஏறி நின்றார். விமானம் சாயவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பரிசு கொடுத்தார்கள். புதுச்சேரிக்காரனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்தக் கருவி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், உங்கள் விமானம் ஆட்டோபைலட் போடுகிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு காலையில், காற்று அசையாத நேரத்தில் மேலே போங்கள். ட்ரிம் சக்கரத்தை, கை அழுத்தாமலே மூக்கு நேராக நிற்கும்படி சரியாக வைத்துவிட்டு, யோக்கிலிருந்து (ஸ்டியரிங் மாதிரியான பிடி) கையை எடுங்கள். பத்து விநாடியில் ஒரு பக்கம் சாய்கிறதா? பேனலில் சறுக்கலைக் காட்டும் பந்து நடுவில் நிற்கிறதா, ஒதுங்குகிறதா? 172இன் வாலில் உள்ள ரடரில் சின்னதாக ஒரு தகடு இருக்கும். தரையில் வைத்துக் கையால் வளைத்துச் சரிசெய்வது. அதை யாரோ எப்போதோ தப்பான பக்கம் வளைத்துவிட்டு மறந்திருப்பார்கள். இத்தனை வருடமாக உங்கள் கை அதைத் தாங்கிக்கொண்டிருக்கும், உங்களுக்கே தெரியாது. ஆட்டோபைலட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சாய்ந்த விமானத்தை நேராக்க அதன் சர்வோ ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தேயும்.

அடுத்தது கம்பிகள். யோக்கிலிருந்து இறக்கையில் உள்ள ஏலரானுக்கும் (விமானத்தைச் சாய்ப்பது) வாலில் உள்ள எலிவேட்டருக்கும் (மூக்கை ஏற்றி இறக்குவது) போகும் இரும்புக் கம்பிகளின் இழுவிசையை டென்சியோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அன்றைய வெப்பத்துக்கு ஏற்ற அளவைப் பராமரிப்புக் கையேட்டில் பார்த்து ஒப்பிட வேண்டும். கம்பி திரும்பும் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். 1979 விமானத்தில் ஒன்றிரண்டு கப்பி சுழல்வதை நிறுத்தியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கம்பி அதன் மேல் உராய்ந்தே போய்க்கொண்டிருக்கும், ஓரிடத்தில் தட்டையாகத் தேய்த்திருக்கும். கம்பி தளர்ந்தால் என்ன ஆகும்? தொங்கிப்போன சைக்கிள் செயினை மிதிப்பது மாதிரிதான். சர்வோ திருகும், முதலில் தளர்வு மட்டும் அடங்கும், எலிவேட்டர் தாமதமாக அசையும். அதற்குள் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் வேண்டும் போல என்று கூடுதலாகத் திருகியிருக்கும். மூக்கு மேலே போகும், பிறகு கீழே, மறுபடி மேலே. புது ஆட்டோபைலட் போட்டேன், விமானம் கடல் அலை மாதிரி ஏறி இறங்குகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் கோளாறு பெட்டியில் இல்லை, கம்பியில் இருக்கிறது.

மிச்சக் கோளாறு பெரும்பாலும் ஸ்டாட்டிக் குழாயில். உயரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு ஆட்டோபைலட் நம்புவது வெளிக்காற்றின் அழுத்தத்தை. பேனலுக்குப் பின்னால் குழாயில் ஒரு பொடி ஓட்டை இருந்தால் கேபின் காற்றும் உள்ளே கலந்துவிடும். கேபினின் காற்றுத் துவாரத்தைத் திறந்தால் ஒரு உயரம், மூடினால் ஒரு உயரம். நம் ஊரில் குளவி வேறு. மண்ணைக் கொண்டுவந்து, வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாயிலும் ஸ்டாட்டிக் துளையிலும் கூடு கட்ட அதற்கு ஒரு ராத்திரி போதும். மூடி போடாமல் நிறுத்தியிருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

உப்புக் காற்றையும் சொல்ல வேண்டும். லாஸ்பேட்டையிலிருந்து கடல் எட்டிப்பிடிக்கும் தூரம். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா, இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே மின்னிணைப்புத் தருகிற பின்னல் வயர்கள் இற்றுப்போயிருக்கின்றனவா என்று பேனலைக் கழற்றும்போதே பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுவாக்கில் இன்னொன்று. 172என்னில் வந்தது ஓ-320-எச்2ஏடி எஞ்சின். கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் அரித்துப் பொரிந்துபோவதற்குப் பேர் வாங்கியது. கடலோரத்தில் வாரக்கணக்கில் சும்மா நின்றால் அந்த நோய் கூடுதல். லைகமிங் இதற்கென்றே ஒரு எண்ணெய்ச் சேர்மானம் சொல்லியிருக்கிறது. லாக் புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா, எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்த்தபோது உலோகத் துகள் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளாமல் ஆட்டோபைலட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். எஞ்சின் பிரிக்க வேண்டி வந்தால் அந்தப் பணம் அங்கே வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கருவி.

உங்கள் பாதையை எடுத்துக்கொள்வோம். லாஸ்பேட்டையிலிருந்து ஜக்கூர் நேர்கோட்டில் 270 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். செஞ்சியைத் தாண்டி, திருவண்ணாமலையை இடப்பக்கம் விட்டு, ஜவ்வாது மலை, ஏலகிரி, கிருஷ்ணகிரி வழியாகப் பீடபூமியில் ஏறுகிறீர்கள். ஜக்கூர் ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில். ஆகவே 6,500 அடியிலோ 8,500 அடியிலோதான் போவீர்கள். இந்தப் பயணத்தில் கைக்கு அலுப்புத் தருவது திசையைப் பிடிப்பது மட்டுமல்ல, உயரத்தைப் பிடிப்பதும். அதனால் இறக்கையை மட்டும் நேராக வைக்கும் ஒற்றை அச்சுக் கருவி உங்களுக்குப் போதாது. உங்களிடம் கிடக்கும் நாவ்-ஓ-மேட்டிக் அந்த ரகம்தான். ரிப்பேர் பார்க்க வேண்டாம். சர்வோ, வயர் எல்லாவற்றோடும் கழற்றி எடையைக் குறைத்துவிடுங்கள். இரண்டு அச்சு, உயரப் பிடிப்போடு வேண்டும்.

ஆனால் அந்த உயரப் பிடிப்பிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. சித்திரை வெயிலில் மத்தியானம் ஜவ்வாது மலைக்கு மேல் போகிறீர்கள். சரிவில் காற்று கீழே இழுக்கிறது. 8,500 அடியைக் காப்பாற்று என்றுதானே சொல்லி வைத்திருக்கிறீர்கள், ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கும். உங்கள் 160 குதிரைத்திறன் அந்த உயரத்தில், அந்தச் சூட்டில் அதற்கு ஈடுகொடுக்காது. உயரம் மாறாது, வேகம் மட்டும் குறையும். நீங்கள் வரைபடத்தில் கிருஷ்ணகிரியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். 110 நாட் 90 ஆகி, 75 ஆகும். கையில் ஓட்டியிருந்தால் யோக்கின் கனம் மாறுவதைக் கை சொல்லியிருக்கும்.

கார்புரேட்டரில் பனி பிடிப்பதும் இதே மாதிரி. பனியா, புதுச்சேரியிலா என்று கேட்காதீர்கள். கார்புரேட்டரின் குறுகலில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் விழும். ஈரக்காற்று நம் கடற்கரையில் தாராளம். ஆர்பிஎம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, உயரத்தை விடாத ஆட்டோபைலட் அந்தக் குறைவை உங்களிடமிருந்து மறைத்துவிடும். ஆட்டோபைலட் ஓடும்போது கண் வேகமுள்ளிலும் ஆர்பிஎம் முள்ளிலும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குத்தான் ஓய்வு.

இந்த ஆபத்தை மனதில் வைத்துத்தான் என் தேர்வும். 172என்னுக்கு அமெரிக்க எஸ்டிசி உள்ள புதுக் கருவிகளில் கார்மின் ஜிஎஃப்சி 500, பெண்டிக்ஸ்கிங் ஏரோகுரூஸ் 100 இரண்டையும் பாருங்கள். இரண்டாவது ட்ரூட்ராக் விஷன் என்ற பேரில் வந்ததுதான். எளிமையானது, வேலை குறைவு, செலவும் குறைவு. திசை, உயரம் இரண்டையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உங்களுக்கு நான் ஜிஎஃப்சி 500ஐத்தான் சொல்வேன். வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் எச்சரித்து, மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு அதில் உண்டு. ஜவ்வாது மலைக் கதைக்கு அதுவே பதில். ஆட்டோபைலட்டைப் போடாமல் கையில் ஓட்டும்போதுகூட 45 டிகிரிக்கு மேல் சாய்த்தால் யோக்கை மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளும். எல்விஎல் என்று ஒரு பொத்தான், அமுக்கினால் சாய்ந்த விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர முயலும். மகன் சொன்னது சரி, அவன் நினைத்த காரணம் எதுவாக இருந்தாலும்.

ஜிஎஃப்சி 500 தனியாக ஓடாது. ஜி5 போன்ற கார்மின் திரை ஒன்று பேனலில் வேண்டும், விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். உங்களுக்கு அது லாபம். வேக்குவத்தில் ஓடும் பழைய அடிவானத்தை எடுத்துவிட்டு ஜி5 வைத்தால், ஆல்டர்னேட்டர் போனாலும் அதன் சொந்த பேட்டரி திரையை நான்கு மணி நேரம் வரை காப்பாற்றும். சர்வோக்களை அந்த பேட்டரி ஓட்டாது, அதை நினைவில் வையுங்கள். ட்ரிம் சர்வோவையும் சேர்த்து வாங்குங்கள். இல்லாவிட்டாலும் ஓடும், ஆனால் ட்ரிம்மைத் திருப்பு என்று திரையில் எழுத்து வரும்போதெல்லாம் நீங்கள் குனிந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அலுப்புக்காகத்தானே வாங்குகிறோம்.

விலை என்ன? 2017இல் ஜிஎஃப்சி 500ஐ அறிவித்தபோது இரண்டு அச்சுக்கு 6,995 டாலர் என்றார்கள். அது பெட்டி விலை. ஜி5, ட்ரிம் சர்வோ, வயரிங், கூலி, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு ஆகும். இறக்கையைத் திறந்து, வாலுக்குள் ஆள் படுத்து வேலை பார்க்க வேண்டும். கூலி கொஞ்சமாக வராது.

அதனால் பணிமனையை முதலில் பிடியுங்கள், பெட்டியை அப்புறம் வாங்குங்கள். ஏவியானிக்ஸ் எனும் விமான மின்னணு வேலைக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகாரம் பெற்ற சிஏஆர்-145 பராமரிப்பு நிறுவனமாக இருக்க வேண்டும். இந்தக் கருவியை ஏற்கெனவே பொருத்தியவர்களாக இருந்தால் நல்லது. ஒரு வேலையையாவது காட்டச் சொல்லுங்கள், அந்த விமானத்தின் சொந்தக்காரரிடம் பேசுங்கள். அமெரிக்க எஸ்டிசியை உங்கள் விமானத்துக்கு டிஜிசிஏ ஏற்கும் காகித வேலை யார் பொறுப்பு, அவர்களா, உங்கள் விமானத்தின் கேமோவா (பறக்கும் தகுதியைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனம்) என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஏற்பு வருவதற்கு முன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். பெட்டி கஸ்டம்ஸில் வந்து நிற்கும், காகிதம் டெல்லியில் நிற்கும், விமானம் ஹேங்கரில் பிரித்தபடி நிற்கும்.

எந்த மாதத்தில் கொடுப்பது? ஐப்பசி, கார்த்திகையில் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் எப்படியும் அதிகம் பறக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நேரத்தில் விமானம் உள்நாட்டில் ஒரு ஹேங்கருக்குள் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் விமானத்தைத் திரும்ப எடை போடச் சொல்லுங்கள். எலிவேட்டருக்கான சர்வோ வால் பக்கம் உட்காரும். எடை சிறிதுதான், ஆனால் தூரம் அதிகம், ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். பின் சீட்டில் ஆளும் பெட்டியும் ஏற்றுகிறவர்களுக்கு இது முக்கியம். புது எடைக் கணக்கும், விமானக் கையேட்டோடு சேர்க்க வேண்டிய இணைப்பும் கைக்கு வராமல் சாவியை வாங்காதீர்கள்.

பிறகு தரையிலேயே செய்ய வேண்டியது: ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு யோக்கை இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் கையால் மீறி அசைத்துப் பாருங்கள். அது வழிவிட வேண்டும். யோக்கின் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குப் பழகுங்கள். இது ஒரு நாள் சோதனை அல்ல, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னால் செய்வது. இன்னொரு பாடம். ஆட்டோபைலட் ஓடும்போது யோக்கோடு மல்லுக்கட்டாதீர்கள். நீங்கள் இழுத்தால், அது உயரத்தைக் காக்க ட்ரிம்மை எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டே போகும். பிறகு திடீரென்று விடும்போது மூக்கு குப்புறப் போகும். பிடிக்கவில்லையா, முதலில் சிவப்புப் பொத்தான், அதற்கப்புறம் கை.

ஓடுகிறது என்று நினைப்பதும் ஓடுவதும் வேறு. 1972 டிசம்பர் 29 ராத்திரி ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 மயாமிக்குப் பக்கத்தில் சதுப்பு நிலத்தில் விழுந்தது. சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு சின்ன பல்பு எரியவில்லை. காக்பிட்டில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோக்கில் யாரோ லேசாகச் சாய்ந்ததில் உயரப் பிடிப்பு விலகியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் எந்த மோடில் ஓடுகிறது என்று திரையில் பச்சையில் எழுதியிருப்பதை, பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் பரவாயில்லை.

கடைசியாக உங்கள் மனைவியின் கேள்வி. இந்தக் கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். இறங்காது அம்மா. தானாகவே தரையிறங்கும் ஆட்டோலேண்ட் என்ற ஏற்பாடு 2020இல் பைப்பர் எம்600க்கு அமெரிக்க அனுமதி பெற்றது. அதற்கு எஞ்சின் விசை, பிரேக் எல்லாமே கம்ப்யூட்டர் கையில் இருக்க வேண்டும். 172இல் அது கிடையாது.

ஆனால் உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. எல்விஎல் பொத்தான் எங்கே என்று வீட்டுக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் மயங்கினால் முதலில் அவர் சீட்டைப் பின்னால் தள்ளி, கை யோக்கில் விழாதபடி பெல்ட்டோடு இழுத்துக் கட்டுங்கள். பொத்தானை அமுக்குங்கள். விமானம் நேராகும், எரிபொருள் இருக்கும்வரை நேராகவே போகும். ஹெட்செட் போட்டிருப்பீர்கள், உங்கள் பக்க யோக்கில் இருக்கும் பேச்சுப் பொத்தானை அழுத்திக்கொண்டு தமிழிலோ ஆங்கிலத்திலோ, பைலட்டுக்கு மயக்கம் என்று சொல்லுங்கள். அவர் பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே ஆள் இருப்பார்கள். பதில் வராவிட்டால் 121.5 என்ற அவசர அலைவரிசை. அதை எப்படித் திருப்புவது என்று தரையில் நிறுத்தியிருக்கும்போதே பத்து தடவை செய்து பாருங்கள். அப்புறம் ஒரு பயிற்றுநரை ஏற்பாடு செய்து, வேகத்தைக் குறைப்பது, ஃபிளாப் இறக்குவது, ஓடுபாதையை நோக்கி வருவது இவற்றை அவரோடு சில மணி நேரம் பழகுங்கள். லாஸ்பேட்டை ஓடுபாதை 1,500 மீட்டர். ஒரு 172ஐ அழகாக இல்லாவிட்டாலும் உயிரோடு இறக்க அது தாராளம். ஆட்டோபைலட்டுக்குக் கொட்டுகிற பணத்தோடு பார்த்தால் அந்தப் பயிற்சிக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை, அதைப் பெட்டி வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம்.